நீதியாசனத்திற்கு உரியவர் யார்? அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதிகளின் நியமனமும் திருச்சபையின் சாட்சியும்

பண்டைய இஸ்ரவேலில் வழக்குகள் ஊர் வாசலில் விசாரிக்கப்பட்டன. மூப்பர் அங்கே அமர்ந்தனர்; ஏழையும் அந்நியனும் விதவையும் தங்கள் முறையீட்டை அங்கேதான் கொண்டுவந்தனர். ஆகையால்தான் ஆமோஸ் தீர்க்கதரிசி ஆலயத்துப் பலிகளைக் கண்டித்த அதே மூச்சில் வாசலில் நியாயம் புரட்டப்படுவதையும் கண்டித்தார் (ஆமோஸ் 5:10-15). யூதாவின் அரசனாகிய யோசபாத் பட்டணந்தோறும் நியாயாதிபதிகளை ஏற்படுத்தியபோது, அவர்கள் தீர்ப்பது மனிதருக்காக அல்ல, ஆண்டவருக்காகவே என்று எச்சரித்தார் (2 நாளா. 19:5-7). நீதிபரிபாலனம் என்பது அரசின் ஒரு துறை மட்டுமன்று. அது கடவுளின் அக்கறைக்குரிய ஒரு பணி என்பதை இப்பகுதிகள் நமக்குத் தெளிவாக்குகின்றன.

நீதி எவ்வாறு செய்யப்பட வேண்டும் என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசியிருக்கிறோம். நீதி செய்பவரை யார், எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதைப் பற்றிப் பேசியது குறைவு. இக்கேள்வியை ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவம் மிகவும் பயனுள்ளது. அங்கே கூட்டாட்சி நீதிபதி ஒருவரின் நியமனம் பொதுமக்கள் முன்னிலையில், பகிரங்க விசாரணையோடும் வாக்கெடுப்போடும் நடைபெறுகிறது. தகுதி வாய்ந்தவர் முன்மொழியப்படும்போது அவரது நியமனத்தை உறுதிப்படுத்த ஆதரவளிப்பது குடிமக்களின் கடமையா? அது கட்சி அரசியலாகாதா? இதில் திருச்சபைக்குப் பங்கு உண்டா? இவ்வினாக்களை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. நியமன முறை

அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவின்படி, ஜனாதிபதி நீதிபதிகளை முன்மொழிகிறார். செனட் சபையின் ஆலோசனையோடும் இசைவோடும் அவர்களை நியமிக்கிறார். மூன்றாம் பிரிவின்படி, நன்னடத்தையோடிருக்கும் வரையில் அவர்கள் பதவியில் நீடிக்கின்றனர்; பதவியிலிருக்கும்போது அவர்களது ஊதியத்தைக் குறைக்கலாகாது. ஆகவே அது நடைமுறையில் ஆயுட்காலப் பதவியாகும். குற்றச்சாட்டின் பேரில் பிரதிநிதிகள் சபை வழக்குத் தொடுத்து, செனட் சபை தண்டித்தாலொழிய எவரும் அவர்களை நீக்க முடியாது. இருநூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் இவ்வாறு நீக்கப்பட்டோர் எண்மரே.

இந்நீதிமன்றங்கள் மூன்று படிகளாக அமைந்துள்ளன. அடியில் 94 மாவட்ட நீதிமன்றங்கள் உள்ளன. அவற்றின் மேல் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள். உச்சியில் உச்ச நீதிமன்றம். 1869 முதல் அதில் ஒன்பது நீதிபதிகள் அமர்கின்றனர். மூன்று படிகளையும் சேர்த்தால் ஆயுட்கால நீதிபதிகளுக்கென ஏறத்தாழ 870 இடங்கள் உள்ளன. உச்ச நீதிமன்றத்தைப் பற்றியே செய்தித்தாள்கள் எழுதினாலும், பெரும்பாலான வழக்குகளின் முடிவு மாவட்ட நீதிமன்றத்திலோ மேல்முறையீட்டு நீதிமன்றத்திலோ தங்கிவிடுகிறது. எனவே இவ்விரு படிகளின் நியமனங்களும் நமது கவனத்திற்குரியவை.

முன்மொழியப்பட்டவரின் பெயர் செனட்டின் நீதித்துறைக் குழுவுக்கு முதலில் அனுப்பப்படுகிறது. மாவட்ட நீதிபதியாயின், அம்மாநிலத்தின் இரு செனட்டர்களின் கருத்து ஒரு நீல நிறத் தாளில் கேட்கப்படும். ஏறத்தாழ 1917 முதல் இவ்வழக்கம் இருந்துவருகிறது. அவர்கள் தாளைத் திருப்பி அனுப்பாவிடில் நியமனம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். பின்னர்ப் பகிரங்க விசாரணை, குழுவின் வாக்கெடுப்பு, முழுச் சபையின் வாக்கெடுப்பு என்று அது தொடர்கிறது. நம் நாட்டிலோ 1993-ஆம் ஆண்டின் தீர்ப்புக்குப் பின் மூத்த நீதிபதிகளின் குழுவே உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நியமனங்களுக்குப் பரிந்துரை செய்கிறது; மக்கள் பிரதிநிதிகள் கேள்வி கேட்கும் கட்டம் இல்லை. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வது நலம்.

அலெக்சாண்டர் ஹாமில்டன் 1788-இல் இம்முறையை விளக்கி எழுதினார். நீதித்துறையிடம் வாளும் இல்லை, பணப்பையும் இல்லை. தீர்ப்பு ஒன்றே அதன் வலிமை என்பது அவரது கருத்து. ஜனாதிபதி தம் உறவினரையும் தமக்கு வேண்டியவரையும் நியமித்துவிடாதபடி செனட்டின் இசைவு ஒரு தடையாக இருக்கும் என்றும் அவர் காட்டினார். அதாவது, இசைவு என்பது தகுதியற்றவரைத் தடுக்கும் காவலாகவே கருதப்பட்டது. தகுதியுள்ளவரைக் காரணமின்றி நிறுத்திவைக்கும் கருவியாக அன்று. மனிதன் பாவி, ஆகையால் எவர் கையிலும் முழு அதிகாரம் இருக்கலாகாது என்னும் உணர்வு இவ்வமைப்பின் பின்னணியில் உண்டு. அரசியலமைப்பை உருவாக்கியவருள் முதன்மையான ஜேம்ஸ் மேடிசன், பிரெஸ்பிட்டேரியன் போதகரான ஜான் விதர்ஸ்பூனிடம் கல்வி பயின்றவர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

2. ஒரு நீதிபதியின் கையில் அடங்கியது

ஒரு மாவட்ட நீதிபதியின் நியமனம் அத்தனை முக்கியமானதா என்று சிலர் கேட்கலாம். இருவருடைய வரலாறு இதற்கு விடையளிக்கும்.

பிராங்க் ஜான்சன் என்பவரை ஜனாதிபதி ஐசன்ஹோவர் 1955-இல் அலபாமா மாநிலத்தில் மாவட்ட நீதிபதியாக நியமித்தார். மான்ட்கோமரி நகரப் பேருந்துகளில் கறுப்பின மக்கள் தனியே அமர்த்தப்பட்டதை எதிர்த்து, இளம் போதகரான மார்ட்டின் லூதர் கிங்கின் தலைமையில் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த காலம் அது. 1956-இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அவ்வழக்கத்தைச் சட்டவிரோதமென்று தீர்த்தது. பெரும்பான்மையாக நின்ற இருவரில் ஜான்சன் ஒருவர். உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. 1965 மார்ச்சில், செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு வாக்குரிமைக்காக நடந்து செல்ல அனுமதியளித்தவரும் அவரே. இதற்காக அவரது சொந்த ஊராரே அவரைப் பகைத்தனர். 1967-இல் அவருடைய தாயாரின் வீட்டில் வெடிகுண்டு வைக்கப்பட்டது. மக்களின் வாக்கை நம்பியிருக்கும் ஒருவர் இவ்வாறு தீர்த்துப் பதவியில் நிலைத்திருக்க முடியுமா? ஆயுட்காலப் பதவி தரும் சுதந்திரம் எதற்காக என்பது இங்கே விளங்குகிறது.

மறுபுறம், வில்லியம் ஹெரால்ட் காக்ஸ் என்பவரை ஜனாதிபதி கென்னடி 1961-இல் மிசிசிப்பி மாநிலத்தில் நியமித்தார். நீதித்துறைக் குழுவின் தலைவரான செனட்டர் ஈஸ்ட்லண்டின் நண்பர் அவர். வழக்கறிஞர் சங்கம் அவருக்கு மிக உயர்ந்த தகுதி மதிப்பீட்டை அளித்தது. ஆனால் 1964-இல், வாக்காளராகப் பதிவுசெய்ய வந்த கறுப்பின மக்களை நீதியாசனத்தில் இருந்துகொண்டே விலங்குக்கு ஒப்பிட்டு அவர் இழிவாகப் பேசினார். ஒரே ஆசனம், ஒரே சட்டம், ஒரே தசாப்தம். ஓரிடத்தில் அடைபட்ட கதவு திறந்தது, மற்றோரிடத்தில் திறக்க வேண்டிய கதவு அடைபட்டது.

1964-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்திற்காக அமெரிக்கத் திருச்சபைகள் பல உழைத்தன. சட்டம் நிறைவேறியதோடு வேலை முடிந்ததென்று எண்ணியவர்களும் இருந்தனர். ஆனால் சட்டப் புத்தகத்திலுள்ள எழுத்து ஒரு நீதிபதியின் வாயில்தான் உயிர் பெறுகிறது. நல்ல சட்டத்தை விரும்பும் திருச்சபை நல்ல நீதிபதியையும் விரும்ப வேண்டும்.

3. தகுதி என்பது யாது?

வியப்பூட்டும் ஒரு செய்தி உண்டு. நீதிபதிக்கு இன்ன தகுதி வேண்டுமென்று அமெரிக்க அரசியலமைப்பு எங்கும் கூறவில்லை. ஜனாதிபதிக்கும் செனட்டருக்கும் வயதெல்லை கூறும் அவ்வேடு, நீதிபதிக்கு வயதையோ சட்டப் படிப்பையோகூட வற்புறுத்தவில்லை. ஆகவே தகுதி எது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் தீர்மானித்துக்கொள்ள வேண்டியுள்ளது. 1953 முதல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் குழு ஒன்று, முன்மொழியப்படுவோரின் சட்ட அறிவு, நேர்மை, நடுநிலையான சுபாவம் ஆகிய மூன்றையும் ஆராய்ந்து மதிப்பீடு அளித்துவருகிறது. அவர்களது அரசியல் கொள்கையைத் தான் ஆராய்வதில்லை என்று அக்குழு கூறுகிறது. சில ஜனாதிபதிகள் பெயரை அறிவிப்பதற்கு முன்னரே அக்குழுவின் கருத்தைக் கேட்டனர். வேறு சிலர் அவ்வாறு கேட்பதை நிறுத்திவிட்டனர்.

வேதாகமத்தில் இதனினும் பழைய அளவுகோல் ஒன்றைக் காண்கிறோம். மோசே நாள் முழுதும் தனியே வழக்கு விசாரித்துத் தளர்ந்தபோது, அவரது மாமனார் எத்திரோ ஆலோசனை கூறினார். திறமையும், தேவபயமும், உண்மையும், பொருளாசையின்மையும் உடையவரைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதே அவ்வாலோசனை (யாத். 18:21). இந்நான்கையும் இன்றைய நிலைக்குப் பொருத்திப் பார்ப்போம்.

திறமை முதலில் வருகிறது. நல்லெண்ணம் திறமைக்கு ஈடாகாது. ஜனாதிபதி நிக்சன் 1970-இல் கார்ஸ்வெல் என்பவரை உச்ச நீதிமன்றத்திற்கு முன்மொழிந்தார். அவரது தீர்ப்புகள் தரம் குறைந்தவை என்று சட்ட அறிஞர் பலர் கூறினர். 1948-இல் அவர் இனப்பிரிவினையை ஆதரித்துப் பேசிய பேச்சும் வெளிப்பட்டது. அவரை ஆதரித்த செனட்டர் ஹ்ரஸ்கா, சாதாரணத் தரமுடையோருக்கும் நீதிமன்றத்தில் பிரதிநிதித்துவம் வேண்டாமா என்று வாதிட்டது அவருக்கே கேடாக முடிந்தது. 51-க்கு 45 என்ற வாக்குகளில் செனட் அந்நியமனத்தை மறுத்தது. அம்மறுப்பு முறையானதே.

தேவபயம் என்பதைச் சமயச் சான்றிதழாக நாம் பொருள்கொள்ளலாகாது. எத்திரோவே இஸ்ரவேலன் அல்லன். மீதியான் தேசத்து ஆசாரியன். தனக்கு மேலாக ஒரு நியாயம் உண்டு, தன் தீர்ப்புக்குத் தானும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று உணர்பவனே இங்கே தேவபயமுள்ளவன். உண்மை என்பது வழக்கின் செய்திகளை உள்ளபடியே ஏற்கும் நேர்மை. பொருளாசையின்மை கைக்கூலியை மட்டும் குறிப்பதன்று. புகழாசையும், நியமித்தவருக்கு நன்றிக்கடன் செலுத்தும் ஆசையும் அதில் அடங்கும்.

இந்நான்கோடு ஐந்தாவதாக, முகதாட்சணியம் பாராமையையும் நியாயப்பிரமாணம் வற்புறுத்துகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. பெரியவனுக்கு அஞ்சித் தீர்ப்பதைப் போலவே, எளியவன் என்பதற்காக ஒருவனுக்குச் சார்பாகத் தீர்ப்பதையும் லேவியராகமம் 19:15 தடைசெய்கிறது. ஏழைகளின் பக்கம் நிற்கும் கடவுளை அறிக்கையிடும் நாம் இவ்வசனத்தைக் கடந்துபோய்விடுகிறோம். ஏழைக்கு வேண்டியது நீதிபதியின் இரக்கம் அன்று. செல்வனுக்குக் கிடைக்கும் அதே செவி. காக்ஸிடம் சட்ட அறிவு இருந்தது. அந்தச் செவி இல்லை.

4. ஆராய்வதும் முடிவு செய்வதும்

செனட் சபை ஒருவரை மறுக்கலாம் என்பதில் ஐயமில்லை. 1795-இலேயே, ஜனாதிபதி வாஷிங்டன் முன்மொழிந்த ஜான் ரட்லெட்ஜை அது 14-க்கு 10 என்ற வாக்குகளில் மறுத்தது. ஆயினும் எக்காரணத்திற்காக மறுக்கிறது என்பதே கேள்வி.

1916-இல் லூயிஸ் பிராண்டைஸ் முன்மொழியப்பட்டார். யூத சமயத்தைச் சேர்ந்த ஒருவர் உச்ச நீதிமன்றத்திற்கு முன்மொழியப்பட்டது அதுவே முதன்முறை. தொழிலாளருக்காகவும் பொதுமக்களுக்காகவும் வாதாடிய அவரை முன்னாள் ஜனாதிபதி டாஃப்ட் உள்ளிட்ட பெரியோர் பலர் எதிர்த்தனர். நான்கு மாதங்களுக்குப் பின், ஜூன் 1-ஆம் நாள் 47-க்கு 22 என்ற வாக்குகளில் அவர் உறுதிப்படுத்தப்பட்டார். அந்நாட்டின் மிகச் சிறந்த நீதிபதிகளுள் ஒருவராக அவர் இன்று எண்ணப்படுகிறார்.

பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழித்த 1954-ஆம் ஆண்டு வழக்கில் வாதாடி வென்ற தர்குட் மார்ஷலை, கென்னடி 1961-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கு முன்மொழிந்தார். செனட்டின் உறுதிப்பாடு 1962 செப்டம்பரில்தான் கிடைத்தது. அவரது தகுதியில் குறை கண்டதால் இத்தாமதம் ஏற்படவில்லை. 1967-இல் 69-க்கு 11 என்ற வாக்குகளில் அவர் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

ரானி ஒயிட்டின் வரலாறு இதனினும் கசப்பானது. மிசூரி மாநில உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான அவரை ஜனாதிபதி கிளிண்டன் 1997-இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்திற்கு முன்மொழிந்தார். இரண்டாண்டுக் காத்திருப்புக்குப் பின், அம்மாநிலத்துச் செனட்டர் ஆஷ்க்ராஃப்ட் அவரைக் குற்றவாளிகளுக்குச் சாதகமானவர் என்று சித்திரித்தார். மரணதண்டனை வழக்குகளில் பெரும்பாலானவற்றில் ஒயிட் தண்டனையை உறுதிசெய்தே வாக்களித்திருந்தார் என்பது அங்கே எடுபடவில்லை. 1999 அக்டோபரில் 54-க்கு 45 என்ற வாக்குகளில் அவர் தோற்கடிக்கப்பட்டார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 2014-இல், ஜனாதிபதி ஒபாமா மீண்டும் முன்மொழிய, அதே மாவட்ட நீதிமன்றத்திற்கு அவர் உறுதிப்படுத்தப்பட்டார். அயலானுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்னும் கட்டளை, நியமன விவாதங்களுக்கும் உரியது என்பதை நாம் மறக்கலாகாது.

பழி ஒரு கட்சியின்மேல் மட்டும் விழுவதன்று. 1986-இல் பழமைவாதியான அன்டோனின் ஸ்கலியா 98-க்கு 0 என்றும், 1993-இல் முற்போக்கான ரூத் கின்ஸ்பர்க் 96-க்கு 3 என்றும் உறுதிப்படுத்தப்பட்டனர். கொள்கையில் எதிரெதிராக இருந்த இருவரையும் செனட் தகுதி கருதி ஏற்றது. அவ்விருவரும் இறுதிவரை நண்பர்களாகவும் இருந்தனர். அதற்கிடையே 1987-இல் ராபர்ட் போர்க் 58-க்கு 42 என்ற வாக்குகளில் மறுக்கப்பட்டார். 2001-இல் முன்மொழியப்பட்ட மிகெல் எஸ்ட்ராடாவை, ஜனநாயகக் கட்சியினர் முடிவில்லா விவாதத்தால் தடுத்தனர். 2003-இல் அவர் விலகிக்கொண்டார். 2016 மார்ச்சில் முன்மொழியப்பட்ட மெரிக் கார்லண்டுக்குக் குடியரசுக் கட்சியினர் விசாரணையே அளிக்கவில்லை. தேர்தல் ஆண்டு என்பது அவர்கள் கூறிய காரணம். அதே செனட், 2020-இல் தேர்தலுக்கு எட்டு நாட்களுக்கு முன் ஏமி பாரெட்டை 52-க்கு 48 என்ற வாக்குகளில் உறுதிப்படுத்தியது. 2022-இல் கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் 53-க்கு 47 என்று ஏற்கப்பட்டார்.

விதிகளும் மாறின. விவாதத்தை முடிக்க 60 வாக்குகள் வேண்டும் என்ற நிலையைக் கீழ் நீதிமன்றங்களுக்கு 2013-இல் ஜனநாயகக் கட்சியினரும், உச்ச நீதிமன்றத்திற்கு 2017-இல் குடியரசுக் கட்சியினரும் நீக்கினர். இதன் பயனாக நியமனங்கள் விரைந்தன. 2017 முதல் 2021 வரை 234 நீதிபதிகளும், அடுத்த நான்காண்டுகளில் 235 நீதிபதிகளும் உறுதிப்படுத்தப்பட்டனர். ஆனால் எதிர்க்கட்சியின் இசைவைத் தேட வேண்டிய அவசியமும் குறைந்தது. தாமதம் என்ற நோய்க்குச் செய்த மருத்துவம், பிளவு என்ற வேறொரு நோயை வளர்த்துவிட்டது எனலாம்.

இருப்பினும் நல்ல எடுத்துக்காட்டுகள் இல்லாமற் போகவில்லை. திருநெல்வேலி அருகேயுள்ள ஒரு சிற்றூரைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த ஸ்ரீ சீனிவாசன், 2013 மே மாதம் தலைநகரின் மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கு 97-க்கு 0 என்ற வாக்குகளில் உறுதிப்படுத்தப்பட்டார். தெற்காசிய வம்சாவளியினர் ஒருவர் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதியானது அதுவே முதன்முறை. இரு கட்சிகளின் ஆட்சியிலும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் பணியாற்றியிருந்த அவரது தகுதியை இரு தரப்பினரும் ஒப்புக்கொண்டனர். 2020-இல் அவர் அந்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார்.

5. காலியான ஆசனம்

நியமனம் தாமதிப்பதால் துன்புறுவோர் யார்? முன்மொழியப்பட்டவர் மட்டுமல்லர். 1974-ஆம் ஆண்டின் விரைவு விசாரணைச் சட்டத்தின்படி, குற்றவியல் வழக்குகளைக் குறித்த காலத்திற்குள் விசாரித்தாக வேண்டும். நீதிபதிகள் குறைந்தால் குற்றவியல் வழக்குகள் முன்னே செல்லும். உரிமையியல் வழக்குகள் பின்னே தள்ளப்படும். வேலையில் பாகுபாட்டுக்கு உள்ளான தொழிலாளி, ஊனமுற்றோர் உதவித்தொகை மறுக்கப்பட்டவர், காவலரின் அடக்குமுறைக்கு ஆளானவர், நிலம் இழந்தவர் ஆகியோரின் வழக்குகள் இவ்வரிசையில்தான் உள்ளன. காத்திருக்கப் பணமுள்ளவன் காத்திருப்பான். இல்லாதவன் கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு வழக்கை முடித்துக்கொள்வான்.

வட கரோலினாவின் கிழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் 2005-ஆம் ஆண்டின் இறுதியில் காலியான ஓர் ஆசனம் 2019 டிசம்பரில்தான் நிரப்பப்பட்டது. ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள்! இடையில் ஒபாமா முன்மொழிந்த இரு கறுப்பினப் பெண்மணிகளுக்கு விசாரணையே கிடைக்கவில்லை. பின்னர் முன்மொழியப்பட்ட வேறொருவர், கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பற்றிய அவரது கடந்தகாலச் செயல்கள் குறித்து எழுந்த கேள்விகளால் 2018-இல் கைவிடப்பட்டார். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணலாகாது. பின்னது ஆராய்ந்த பின் ஏற்பட்ட மறுப்பு. முன்னது ஆராயவே மறுத்தது.

லூக்கா 18-ஆம் அதிகாரத்து விதவையை நாம் நினைவுகூர்கிறோம். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத ஒரு நியாயாதிபதியிடம் அவள் ஓயாமல் முறையிட்டாள். இறுதியில் நியாயம் பெற்றாள். அவளுக்கு அநீதியுள்ள நியாயாதிபதியாவது இருந்தான். காலியான ஆசனத்தின் முன் நிற்கும் விதவை யாரிடம் முறையிடுவாள்?

புதிய ஆசனங்களை உண்டாக்குவதும் இதே சிக்கலில் அகப்பட்டுள்ளது. பேரளவில் நீதிபதிப் பதவிகள் கடைசியாகக் கூட்டப்பட்டது 1990-இல்தான். 60-க்கும் மேற்பட்ட புதிய இடங்களைப் படிப்படியாக ஏற்படுத்தும் மசோதாவை 2024 ஆகஸ்டில் செனட் ஒருமனதாக நிறைவேற்றியது. அடுத்த ஜனாதிபதி யாரென்று எவருக்கும் தெரியாதிருந்த வேளை அது. பிரதிநிதிகள் சபையோ தேர்தல் முடிவு தெரிந்த பின்னரே அதை நிறைவேற்றிற்று. ஜனாதிபதி பைடன் அதற்கு இசைவு மறுத்தார். யாருடைய ஆட்கள் அமர்வார்கள் என்று அறியாதபோது இசைந்தவர்கள், அறிந்த பின் இசைய முடியாமற் போயினர்.

6. சமயமும் நீதியாசனமும்

அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு, எந்தப் பொதுப் பதவிக்கும் சமயச் சோதனை கூடாதென்று விதிக்கிறது. கிறிஸ்தவர்கள் இதனை நன்றியோடும் எச்சரிக்கையோடும் ஏற்க வேண்டும். 2017-இல் கத்தோலிக்கரான ஏமி பாரெட்டின் விசாரணையில் அவரது விசுவாசமே ஐயத்திற்குரியதாகப் பேசப்பட்டபோது, கிறிஸ்தவர் பலர் மனம் வருந்தினர். அது நியாயமான வருத்தமே. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கு முன்மொழியப்பட்ட இஸ்லாமியரான ஆதீல் மாங்கிக்கு எழுப்பப்பட்ட கேள்விகளைக் கண்டு அதே அளவு வருந்தினோமா? அவரது நியமனம் வாக்கெடுப்புக்கு வராமலே முடிந்தது. 2021-இல் சாஹித் குரேஷி 81-க்கு 16 என்ற வாக்குகளில் உறுதிப்படுத்தப்பட்டு, முதல் இஸ்லாமியக் கூட்டாட்சி மாவட்ட நீதிபதியானதையும் இங்கே சேர்த்துக் கூற வேண்டும். நமக்கு வேண்டிய நியாயத்தைப் பிறருக்கும் வேண்டுவதே ஆண்டவர் கற்பித்த பொன்விதியின் பொருளாகும்.

7. இரு மறுப்புகள்

முதல் மறுப்பு இது: நீதிபதியின் கொள்கை அவரது தீர்ப்பைப் பாதிக்கிறது, ஆகவே தகுதியை மட்டும் பார்த்து ஆதரிப்பது பேதைமை. இதில் உண்மை உண்டு. 1857-இல், கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாதென்று தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி டானி சட்ட அறிவில் குறைந்தவர் அல்லர். எனவே சட்டத்தை எவ்வாறு பொருள்கொள்கிறீர் என்று கேட்கச் செனட்டுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கேட்பது வேறு. முன்கூட்டியே தீர்ப்பை வாக்குறுதியாகப் பெற முயல்வது வேறு. கருச்சிதைவு பற்றிய 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பு முதல், அதனை நீக்கிய 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வரை, கிறிஸ்தவர் பலர் இவ்வொரு வினாவைக் கொண்டே ஒவ்வொரு நீதிபதியையும் எடைபோட்டனர். அவ்வினா எவ்வளவு கனமானதாயினும், வழக்கைக் கேட்குமுன் தீர்ப்பைக் கேட்பது நீதியாசனத்தைப் பேரம் பேசும் இடமாக்கிவிடும். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை நினைத்துப் பார்ப்போம். அங்கே நீதிமன்றம் கூடியது, சாட்சிகள் வந்தனர், சட்ட முறைகள் யாவும் நடந்தன, ஆயினும் தீர்ப்பு யேசபேலின் கடிதத்தில் முன்னமே எழுதப்பட்டிருந்தது (1 இராஜா. 21).

ஆகவே ஆதரவு என்பது கண்மூடித்தனமான இசைவன்று. தகுதியுள்ளவர் என்று காணப்படுபவருக்குச் சாதகமாகத் தொடங்குவது. அவருக்கு எதிரான சான்றுகளை நேர்மையாகக் கேட்பது. அச்சான்றுகள் அவரது திறமையையோ நேர்மையையோ நடுநிலையையோ குலைத்தால் மறுப்பது. இல்லையேல் காலம் தாழ்த்தாமல் ஏற்பது. முன்மொழிந்தவர் எக்கட்சியினராயினும் இவ்வளவுகோல் ஒன்றாகவே இருக்க வேண்டும். கட்சி மாறும்போது நமது அளவுகோலும் மாறுமானால், நம் பையில் இருவகை நிறைகற்கள் உண்டு என்பது பொருள்.

இரண்டாம் மறுப்பு: இது திருச்சபையின் வேலையன்று. லூத்தர் இரு ஆட்சிகளைப் பிரித்துக் காட்டினார் என்பது மெய். ஆனால் உலக ஆட்சியும் கடவுளுடையதே என்றும் அவர் போதித்தார். கால்வின் தமது பெருநூலின் இறுதி அதிகாரத்தில் ஆட்சியாளரின் பணியைத் தெய்வீக அழைப்பாகவே விளக்கினார். அமெரிக்கச் சட்டமும் இதற்கு இடமளிக்கிறது. தேர்தலில் ஒரு வேட்பாளருக்காகப் பிரசாரம் செய்வது வேறு. நீதிபதி நியமனத்தைப் பற்றிச் செனட்டருக்குக் கருத்துத் தெரிவிப்பது வேறு. பின்னதைச் சட்டமியற்றுவோரிடம் செய்யும் வேண்டுகோளாகவே வரித்துறை கருதுகிறது; சபையின் முழுப் பணியில் அது சிறு பகுதியாயிருக்குமளவும் தடையில்லை.

8. திருச்சபையின் பணி

அப்படியானால் செய்யத்தக்கது யாது? முதலாவது, நீதிபதிகளுக்காகப் பெயர் சொல்லி ஜெபிப்பது. அதிகாரத்திலுள்ளோருக்காக மன்றாடும்படி 1 தீமோத்தேயு 2-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. நமது பொதுமன்றாட்டுகளில் ஆட்சியாளர் இடம்பெறும் அளவுக்கு நீதிபதிகள் இடம்பெறுவதில்லை. இரண்டாவது, சபை மக்களுக்கு நியமன முறையைக் கற்பிப்பது. உச்ச நீதிமன்றத்தை மட்டுமல்ல, தம் ஊருக்கு அருகிலுள்ள மாவட்ட நீதிமன்றத்தின் காலியிடத்தையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். மூன்றாவது, முன்மொழியப்பட்டவரைப் பற்றிய அவதூறுகளைப் பரப்பாதிருப்பதும், உண்மையைத் தேடி அறிவதும். நான்காவது, தகுதியுள்ளவருக்கு விசாரணையும் வாக்கெடுப்பும் காலத்தில் கிடைக்க வேண்டுமென்று இரு கட்சிச் செனட்டர்களிடமும் ஒரே குரலில் கேட்பது. ஐந்தாவது, விளிம்பில் உள்ளோரின் பிள்ளைகளும் சட்டம் பயின்று அந்த ஆசனத்திற்குத் தகுதி பெறும்படி அவர்களைத் தாங்குவது. இன்று நாம் ஆதரிக்கும் மார்ஷல்கள் நேற்று எவரோ படிக்கவைத்த பிள்ளைகளே.

எந்த நீதிமன்றமும் கடவுளின் அரசாகாது. மிகச் சிறந்த நீதிபதியும் தவறக்கூடியவர். மிகச் சிறந்த நியமன முறையும் பாவத்தின் கறை படிந்ததே. இறுதித் தீர்ப்பு ஒருவருக்கே உரியது என்று அறிக்கையிடும் நாம், இடைக்காலத்துத் தீர்ப்புகளை அற்பமாக எண்ணலாகாது. பிலாத்துவின் நியாயாசனத்தின் முன் நின்ற நம் ஆண்டவர், குற்றமற்றவர் என்று அறிந்திருந்தும் கூட்டத்திற்கு அஞ்சித் தீர்ப்பளித்த ஒரு நீதிபதியின் கைகளால் ஒப்புக்கொடுக்கப்பட்டார். அவ்வநீதியை ஒவ்வொரு ஞாயிறும் விசுவாசப் பிரமாணத்தில் நாம் சொல்கிறோம். கூட்டத்திற்கு அஞ்சாத நீதிபதிகளைத் தேடுவதும், அவர்கள் கிடைக்கும்போது தாங்குவதும், அவ்வறிக்கையைச் சொல்லும் வாய்களுக்கு ஏற்ற செயலாகும்.